காற்றுவழிச் செய்திக்குக் காவல்

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயத்தில் மணி அடித்தால் அவ்வோசை நாற்றிசையும் பரவும். இன்னார் வீட்டில் மட்டும் கேட்க வேண்டும், மற்றவர் வீட்டில் கேட்கக் கூடாது என்று மணிக்கு ஆணையிட இயலுமோ? 'வைஃபை' என்னும் கம்பியில்லா இணைப்பும் அத்தகையதே. பெரம்பலூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் இருக்கும் சிறு பெட்டியிலிருந்து புறப்படும் வானொலி அலை சுவரைக் கடந்து பக்கத்து வீட்டுக்கும் போகும், தெருவுக்கும் போகும். கதவைத் தாழிட்டால் அது நிற்பதில்லை. வளைகுடா நாட்டிலிருந்து தந்தை அனுப்பும் பணத்தின் விவரம், அக்காவின் கல்லூரி விண்ணப்பம், தங்கையின் புகைப்படம் ஆகியவை இன்று அரியலூரிலும் பெரம்பலூரிலும் பல வீடுகளில் இவ்வழியாகவே பயணம் செய்கின்றன. எல்லார் காதிலும் விழும் ஒன்றை ஒருவருக்கு மட்டும் புரியும்படி செய்வது எங்ஙனம்?

செய்தியை மறைமொழியாக மாற்றி அனுப்புவதே வழி. தோழியரே, ஒரு சிறு கணக்கின் மூலம் இதனைப் பார்ப்போம். நாம் அனுப்ப விரும்பும் எண் 12 என்க. நமக்கும் பெட்டிக்கும் மட்டும் தெரிந்த இரகசிய எண் 37. இரண்டையும் கூட்டி 49 என்று அனுப்புகிறோம். ஒட்டுக் கேட்பவனுக்கு 49 மட்டுமே கிடைக்கும். அதனால் அவனுக்குப் பயனில்லை. அடுத்து 20 என்னும் எண்ணை அனுப்புகையிலும் அதே 37-ஐக் கூட்டி 57 என்று அனுப்பினால் என்னவாகும்? 57-இல் 49 போனால் 8. 20-இல் 12 போனாலும் 8. இரகசிய எண் கணக்கிலிருந்தே கழன்றுவிட்டது! இரு செய்திகளில் ஒன்றை அவன் ஊகித்துவிட்டால் மற்றது தானே வெளிப்பட்டுவிடும். ஆகையால் ஒருமுறை பயன்பட்ட இரகசிய எண் மறுபடி வரலாகாது. ஒரு சாவியுடன் 1, 2, 3 என ஏறிச் செல்லும் வரிசை எண்ணையும் சேர்த்து, கணிப்பொறி ஒவ்வொரு செய்திக்கும் புதிய இரகசியத்தை ஆக்கிக் கொள்கிறது.

1997-இல் வகுக்கப்பட்ட முதல் பூட்டுக்கு 'டபிள்யூ.இ.பி.' என்று பெயர். அதன் வரிசை எண்கள் ஏறத்தாழ 1 கோடியே 67 இலட்சந்தான். கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் ஓயாமல் இயங்கும் வலையில் சில மணி நேரத்தில் தீர்ந்து, பழைய எண்ணே திரும்பி வந்துவிடும். வேறு குறைகளும் இருந்தன. 2001-இல் ஃபுளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் அதனை உடைக்கும் முறையை வெளியிட்டனர். 2007-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினர்.

பூட்டே போடாதவர்களும் உண்டு. 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது புறப்பட்ட இடத்தைப் போலீசார் தேடிச் சென்றபோது, நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் முடிந்தது. அவருக்கும் அச்செயலுக்கும் தொடர்பில்லை. கடவுச்சொல் இல்லாத அவர் வீட்டு வைஃபையை வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டனர். விசாரணை என்னவோ முதலில் அவர் வீட்டுக்குத்தான் வந்தது.

2004-இல் 'டபிள்யூ.பி.ஏ. 2' என்னும் வலிய பூட்டு வந்தது. அதனுள் இருக்கும் மறைமொழி முறையை ஆக்கியவர்கள் பெல்ஜியம் நாட்டு அறிஞர்களான டேமன், ரைமன் இருவர். அவர்கள் பயின்றது 1425-இல் நிறுவப்பெற்ற லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அப்பூட்டின் குறையைக் கண்டவரும் அதே பல்கலைக்கழகத்து ஆய்வாளர் என்பது வியப்பன்றோ?

அவர் பெயர் மாத்தி வான்ஹூஃப். 2017-இல் அவர் வேறொரு கட்டுரையை முடிக்க வேண்டியிருந்தது. அவ்வேலையை விட்டுவிட்டு, முன்பே பலமுறை படித்த நிரல் வரிகளை மீண்டும் படித்துக்கொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். சாவியைப் பொருத்தும் ஒரு வரியில் அவர் கண் நின்றது. இதே வரி இரண்டு முறை நடந்தால் என்னவாகும் என்று எண்ணினார்.

கைப்பேசியும் பெட்டியும் முதலில் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். மூன்றாவது செய்தி வந்ததும் கைப்பேசி சாவியைப் பொருத்திக்கொண்டு நான்காவதாகப் பதில் அனுப்பும். காற்றில் செய்தி தொலைவது இயல்பு. ஆதலால் பதில் வராவிடில் பெட்டி மூன்றாவதையே மறுபடி அனுப்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைப்பேசி அதே சாவியை மறுபடி பொருத்தும்போது, வரிசை எண்ணும் தொடக்கத்துக்கே திரும்பிவிட்டது. பயன்பட்ட இரகசியங்கள் மீண்டும் பயன்பட்டன. மேலே கண்ட 37-இன் கதையேதான்! அருகிலிருக்கும் பகைவன் அந்தப் பதிலை வழிமறித்தாலே போதும். கடவுச்சொல் அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பரிமாற்றம் பழுதற்றது என்று 2005-இலேயே கணித முறையில் நிறுவியிருந்தார்கள். அந்நிரூபணம் பொய்யா? இல்லை. சாவி பிறர் அறியாதபடி இருக்கும் என்றே அது நிறுவிற்று. அது இன்றும் உண்மை. அச்சாவியை எத்தனை முறை பொருத்தலாம் என்னும் கேள்வியை அது கேட்கவேயில்லை. ஆய்வின் சிறப்பே இந்த இடத்தில் இருப்பதாக நாங்கள் கருதுகிறோம். சரியான விடைக்கு வெளியே விடுபட்ட கேள்வியைக் காண்பது கூட்டல் கழித்தலில் பிழை பிடிப்பதைவிட அரிது.

வான்ஹூஃப் உடனே ஊரறியச் சொல்லிவிடவில்லை. ஜூலையிலேயே சில நிறுவனங்களுக்குத் தனியே அறிவித்து, திருத்தம் செய்ய அவகாசம் தந்து, அக்டோபர் 16 அன்றுதான் வெளியிட்டார். 2018-இல் 'டபிள்யூ.பி.ஏ. 3' என்னும் அடுத்த பூட்டு வந்தது. மறு ஆண்டே அதிலும் அவரும் இயால் ரோனனும் குறைகளைக் கண்டு சொன்னார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இக்குறை கடவுச்சொல்லை மாற்றுவதால் தீராது. கைப்பேசிக்கு நிறுவனம் அனுப்பும் திருத்தத்தால்தான் தீரும். மிகவும் பாதிக்கப்பட்டவை ஆண்ட்ராய்டு 6 வகைக் கைப்பேசிகள். அவை வெறும் பூச்சியங்களால் ஆன சாவியைப் பொருத்திக்கொண்டன. பூட்டு இருந்தும் இல்லாததற்குச் சமம். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு இணையவழி வகுப்புகள் தொடங்கியபோது, நம் பக்கத்து வீடுகளில் பிள்ளைகளின் கைக்கு வந்தவை பெரும்பாலும் பெரியவர்கள் ஒதுக்கிவைத்த பழைய கைப்பேசிகளே. இன்னும் அவற்றுட் சில உழைத்துக்கொண்டிருக்கின்றன. வங்கிகளின் செயலிகள் தமக்கென்று தனி மறைமொழியும் வைத்திருப்பதால் பேரச்சம் வேண்டாம். ஆயினும் கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் 'பாதுகாப்புப் புதுப்பிப்பு' என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கும். அது 2017 நவம்பருக்கு முந்தியதாக இருந்தால், அந்தக் கைப்பேசியில் பண விவகாரங்களை வைஃபை வழியே செய்யாமல், சிம் அட்டையின் இணைப்பிலேயே செய்துகொள்ளலாம்.