அடுப்படியின் ஐந்தொகை

நாட்டின் பொருள்நிலை தாழ்கின்றது என்னும் செய்தி எல்லோரையும் ஒரே வழியாக வந்து சேர்வதில்லை. மத்திய வங்கியாருக்கு அது அந்நியச் செலாவணிக் கையிருப்பாகத் தெரிகின்றது. வணிகருக்கு வட்டி வீதமாகத் தெரிகின்றது. பத்திரிகை படிப்போருக்குத் தலையங்கமாகத் தெரிகின்றது. சாதாரணக் குடும்பத்துக்கோ அச்செய்தி ரொட்டியின் கனமாகவும், தேநீரின் இனிப்பாகவும், கடைக்காரரின் முகக்குறிப்பாகவுமே வந்து சேர்கின்றது. புள்ளிவிபரம் அச்சேறி வெளிவருவதற்கு மாதங்கள் ஆகும். அடுப்படிக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளிலும் பின்னர்ப் பதுளை நகரிலும் பல்லாண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். இவ்வறிகுறிகளை நூல்களிலிருந்தன்றிப் பிள்ளைகளின் முகங்களிலிருந்தே படித்தேன். அவற்றை ஒழுங்குபடுத்திப் பார்க்கும்பொழுது ஓர் உண்மை புலனாகின்றது. ஏழைக் குடும்பம் எந்த நெருக்கடியையும் தாங்கிக்கொள்ளும் என்று நாம் பாராட்டுகின்றோம். அத்தாங்குதல் இலவசமாகக் கிடைப்பதன்று. அதற்கும் ஒரு விலையுண்டு. அவ்விலையைக் கொடுப்போர் பெரும்பாலும் தாயும் பிள்ளையுமே. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடுல்சீமையில் தொடங்கிய கதை

வீழ்ச்சி என்பது ஊவாவுக்குப் புதியதன்று. இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்த இலைத்துரு நோய் 1869ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது மடுல்சீமைப் பகுதியிலேதான். இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடியாகப் படிந்த அந்நோய், பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு பெருந்தொழிலையே சாய்த்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் தோட்டங்களைக் கைவிட்டனர். சம்பளம் மாதக்கணக்கில் பாக்கியாய் நிற்க, தொழிலாளர் பலர் தென்னிந்தியாவுக்கு மீண்டனர். ஊவா தனி மாகாணமாக அமைக்கப்பட்ட 1886ஆம் ஆண்டு, இம்மலைகள் கோப்பியை விட்டுத் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த காலமாகும்.

தேயிலை நிலைபெற்றது. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டிற்று. ஆயினும் உலகச் சந்தையோடு இம்மலைகளைப் பிணைத்த கயிறு அறுபடவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், பிள்ளைக்கு 32 சதமும் நாட்கூலியாக விதிக்கப்பட்டன. உலகப் பெருமந்தத்தினால் தேயிலை விலை வீழ்ந்ததும் 1930களின் தொடக்கத்தில் அச்சதங்களும் வெட்டப்பட்டன. பிள்ளையின் கூலியும் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குடும்பத்தின் கணக்கிலே பிள்ளையும் ஓர் உழைப்பாளியாகவே சேர்க்கப்பட்டிருந்தது.

பின்னர் வந்தது 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சம். பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. அரிசியை இடம்விட்டு இடம் கொண்டு செல்லவும் கட்டுப்பாடு இருந்தது. கிராமத்தவனுக்குக் கொல்லையில் ஒரு பலாமரமேனும் இருந்தது. லயத்தில் வாழ்ந்தவனுக்கு ஒரு காம்பராவும் ஓர் இஸ்தோப்புமே இருந்தன. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. பலர் நகரங்களுக்கு இறங்கி வந்து கையேந்தினர். சிலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடிபெயர்ந்தனர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்தியக் குடியுரிமை பெற்றோர் தலைமன்னாருக்குப் புகையிரதம் ஏறினர். அக்காலத்தைக் கண்டோர் இன்றும் எஞ்சியுள்ளனர். அவர்கள் வீட்டில் ஒரு பிடி மாவும் கீழே சிந்துவதில்லை.

உரத்திலிருந்து ரொட்டிவரை

அண்மைக்கால வீழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுக் கோரிக்கையின் பலன் அது. ஆனால் மே மாதத்திலேயே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோதிலும் உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

இதன் விளைவு லயத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது? உரமில்லாச் செடியில் கொழுந்து குறைந்தது. கொழுந்து குறையவே மடுவத்தில் நிறுக்கும் நிறை குறைந்தது. தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்பது செக்றோலில் பதியப்படும் ஒரு நாள் வேலையாகும். குறித்த நிறை வராத நாளில் முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான் விழும். நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்து, 2022இல் 25 கோடிக் கிலோவாக இறங்கிற்று. இந்த ஐந்து கோடிக் கிலோவின் குறைவு ஏற்றுமதிக் கணக்கிலே ஒரு வரியாக முடிந்துவிட்டது. கொழுந்து பறித்த பெண்ணுக்கோ அது அரைப்பேர் விழுந்த பல நாட்களாயிற்று.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் பாய்ந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தையும், உணவுப் பொருள்களின் விலையேற்றம் 94.9 வீதத்தையும் தொட்டன. 2021இன் முற்பகுதியில் நூறு ரூபாவை ஒட்டி விற்ற ஒரு கிலோ கோதுமை மா நானூறு ரூபாவை அண்மித்தது.

ஐந்தாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய கணக்கு இது. ஐந்து பேருள்ள வீட்டில் மூன்று வேளையும் ரொட்டியென்றால் நாளுக்கு ஒன்றரைக் கிலோ மா வேண்டும். அதற்கு விலை 600 ரூபா. அரைப்பேர் விழுந்த நாளின் சம்பளமோ 500 ரூபா. உப்பும் விறகும் மருந்தும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

குறைப்பின் வரிசை

குடும்பம் செலவைக் குறைப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் சீனி போகும். கோப்பைக்குள் கரைந்த சீனி உள்ளங்கைக்கு வரும். ஒரு சிட்டிகையை நாவில் தொட்டுக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடிப்பார்கள். பின்னர் உள்ளங்கையும் வெறுமையாகும். அடுத்தது பருப்பும் நெத்தலிக் கருவாடும். அதற்கடுத்தது தேங்காய், சம்பலிலே மிளகாயின் சிவப்பு ஏறும், தேங்காயின் வெண்மை மறையும். இறுதியாகவே மாவில் கைவைப்பார்கள். ரொட்டி மெலியும், பின்பு எண்ணிக்கை குறையும், அதன்பின் வேளை குறையும்.

முதலிற் போவது சுவை, அடுத்துப் போவது சத்து, கடைசியிற் போவதே அளவு. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அளவு குறைவது மட்டுமே பசியாகத் தெரியும். ஆகவே ஊரார் ‘இந்த வீட்டில் கஷ்டம்’ என்று அறியும்போது அவ்வீட்டின் உடல்வலிமை பல மாதங்களுக்கு முன்னரே கரைந்து போயிருக்கும்.

கடைக் கொப்பி இரண்டாவது அறிகுறி. சம்பள நாள்வரை சாமான் கொடுத்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளும் வழக்கமே தோட்டக் குடும்பத்தின் உண்மையான வங்கியாகும். 2022இல் மொத்த வியாபாரிகள் ரொக்கம் கேட்கத் தொடங்கியதும் சில்லறைக் கடைக்காரரின் கையும் கட்டுண்டது. அவர் கடின மனத்தவர் அல்லர். பலர் முகம் கொடுக்க இயலாமல் உள்ளே போய் நின்றனர். கொப்பி மூடப்பட்டபின் பெண்கள் தங்களுக்குள் கட்டிய சீட்டும் ஆட்டங்கண்டது. ஒருத்தி கட்டத் தவறினாலும் சீட்டு முழுவதும் நின்றுவிடும். அவ்வாறு நின்றபோது உடைந்தது பணம் மட்டுமன்று. அடுத்த வீட்டோடிருந்த நம்பிக்கையும் உடைந்தது.

அதன்பின் தோடும் மூக்குத்தியும் பதுளைக் கடைத்தெருவுக்கு வந்தன. ரூபாவின் மதிப்பு வீழ்ந்ததால் தங்கத்தின் விலை ஏறியிருந்தது. அடகில் முன்னையிலும் கூடிய பணம் கிடைத்தது. அது ஆறுதல்போலத் தோன்றிற்று. வட்டியோடு மீட்க வேண்டிய நாளிலேதான் அதன் பாரம் விளங்கிற்று.

நகரத்துக் குமாஸ்தா வீடுகளின் அறிகுறிகள் வேறு. எரிவாயுச் சிலிண்டர் கிடையாத நாட்களில் மூலையிற் கிடந்த விறகடுப்பு மீண்டும் புகைந்தது. பால்மா நின்றது, தினசரிப் பத்திரிகை வாரத்துக்கு ஒன்றாயிற்று, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் மட்டும் போனார். நகரத்து வீடு கதவைச் சாத்தி வறுமையை மறைக்க வல்லது. லயத்திலோ ஒரு சுவருக்கு அப்பால் யார் வீட்டில் தாளிக்கவில்லை என்பது அனைவருக்கும் தெரியும். இதில் ஒரு வெட்கமும் உண்டு, ஒரு நன்மையும் உண்டு. கவ்வாத்து மிலாறு பொறுக்கச் சென்ற பெண் அடுத்த காம்பராக் கிழவிக்கும் ஒரு கட்டுச் சுமந்து வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பசறைப் பாதையிலுள்ள தோட்டமொன்றில், இளம் பருவத்தில் 1974ஐக் கண்ட அம்மையார் ஒருவர் என்னிடம் கூறினார்: “வாத்தியாரய்யா, அந்தப் பஞ்சத்துல கடையில சாமானே இல்ல. இப்ப சாமான் இருக்கு, கையில காசுதான் இல்ல. பாத்துக்கிட்டே பட்டினி கெடக்கிறது அதவிடப் பொல்லாதது.” இரண்டு பஞ்சங்களின் வேறுபாட்டை இதனினும் தெளிவாக எவரும் எனக்குக் கூறியதில்லை.

யார் கொடுத்த விலை?

உலக வங்கியின் கணிப்பின்படி இலங்கையின் வறுமை வீதம் 2021இல் 13.1 ஆக இருந்து 2022இல் 25 ஆக உயர்ந்தது. தோட்டப் பகுதிகளிலோ பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக் கோட்டின்கீழ் இருந்தனர். குடும்பம் முழுவதையும் ஒரே அலகாக எண்ணும் கணக்கு இது. குடும்பத்துக்குள்ளே நடக்கும் பங்கீட்டை அது காட்டாது.

அப்பங்கீட்டைத் தாய் செய்கின்றாள். ‘நான் முன்னமே சாப்பிட்டுவிட்டேன்’ என்னும் பொய்யை ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். விடியற்காலைப் பெரட்டுக்கு வெறுந்தேநீரோடு சென்று, செங்குத்தான மலையில் கொழுந்து பறித்து, அவள் மீண்டும் அடுப்படிக்கே வந்தாள். 2022இல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டனர். மலைநாட்டிலிருந்து அவ்வாறு புறப்பட்ட தாய்மார் உண்டு. அவர்கள் அனுப்பிய பணம் அடுப்பை எரித்தது. பிள்ளைகள் பாட்டியிடம் வளர்ந்தனர். மூத்த பையன் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே கொழும்புக் கடையொன்றில் நின்றான். 1929இல் சட்டம் விதித்த பிள்ளைக் கூலியை, நூறாண்டு நெருங்கும் வேளையில் வறுமை வேறொரு பெயரில் மீண்டும் விதித்தது.

பாடசாலையில் இவையாவும் தெரிந்தன. மதிய இடைவேளையில் ஒரு பிள்ளை உணவுப் பெட்டியைத் திறவாமல் குழாயடிக்குப் போகும். இன்னொன்று காலையிலேயே ‘வயிற்றுவலி’ என்று மேசையிற் கவிழும். அழித்துவிட்டு மறுபடியும் எழுதலாம் என்பதற்காகப் பயிற்சிக் கொப்பியைப் பென்சிலால் நிரப்பிய மாணவி ஒருத்தியை அறிவேன். ஒரு சோடிச் சப்பாத்தை வைத்துக்கொண்டு நாள் மாற்றி நாள் வந்த சகோதரர் இருவரையும் அறிவேன். 2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டதை நாடு பேசிற்று. அவ்வாண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சிறு வகுப்புப் பிள்ளைக்குப் பாடத்தோடு பகலுணவும் மூடப்பட்டதைப் பேசியோர் சிலரே.

ஆறாத கணக்கு

2023இன் நடுப்பகுதியில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிற்று. அதன் பொருள் விலை இறங்கிற்று என்பதன்று. ஏறும் வேகம் தணிந்தது என்பதேயாகும். 2024 செப்டெம்பரில் தோட்ட நாட்சம்பளம் 1350 ரூபாவாயிற்று. நாட்டின் ஐந்தொகை சீர்பெறலாம். அடகில் மூழ்கிய மூக்குத்தியும், இடைநின்ற பையனின் இரண்டு ஆண்டுகளும், சத்தின்றிக் கழிந்த ஒரு குழந்தைப் பருவமும் எந்த ஐந்தொகையிலும் மீண்டு வருவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தைத் தாக்கியபோது, பல குடும்பங்கள் அடகு வைக்க ஏதுமின்றியே அப்பேரிடரை எதிர்கொண்டன.

ஆதலால் ஏழைகளின் சகிப்புத்தன்மையைப் புகழ்வதைச் சற்று நிறுத்திவிட்டு, அதன் தேவையைக் குறைக்கும் வழியை நாம் எண்ண வேண்டும். ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் பெற்ற குடும்பங்கள், 2022இல் நான்கு மரவள்ளித் தடியையேனும் ஊன்றிக்கொள்ள முடிந்தது. லயத்து இஸ்தோப்பில் எதனை ஊன்றுவது? உணவும் காணியும் பாடசாலைப் பகலுணவும் தருமமாகக் கருதப்படும்வரை, ஒவ்வொரு வீழ்ச்சியின் பற்றுச்சீட்டும் தாயின் பெயருக்கே எழுதப்படும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. பதுளையருகே தான் கற்பித்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் தாங்கியவர் தெளிவத்தை ஜோசப். லயத்து வாழ்வைப் புள்ளிவிபரம் எட்டாத இடத்திலிருந்து எழுதியவர். நெருக்கடியின் அதே 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் மறைந்தார். கதை எழுத இயலாதோர் குறிப்பேனும் எழுதலாம். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் பகலுணவின்றி வந்தனர், எவர் எந்த மாதத்தில் இடைநின்றனர், வீட்டில் எது முதலில் நின்றது என்று திகதியிட்டு எழுதி வையுங்கள். அடுத்த நெருக்கடியில் உதவி யாரிடம் முதலிற் செல்ல வேண்டும் என்று கேட்கும் நாளில், அக்குறிப்பே விடையாக அமையும்.