நகர்பேசிச் செயலிகளில் இடமறிதல் பிழைகள்

நகர்பேசிச் செயலிகளில் இடமறிதல் பிழை என்பது, செயலி காட்டும் இருப்பிடம் உண்மையான இடத்திலிருந்து விலகியோ, காலந்தாழ்ந்தோ, ஓரிடத்திலேயே உறைந்தோ நிற்பதைக் குறிக்கும். உணவு வருவித்தல், வாடகை வண்டி அழைத்தல் போன்றவற்றில் இது சிறு தொல்லையாக முடிந்துவிடும். தமிழ்நாடு காவல்துறைக்காக 2022-இல் அறிமுகமான காவல் உதவி போன்ற அவசரச் செயலிகளிலோ, தெரு ஒன்று மாறினாலும் உதவி வந்துசேரத் தாமதமாகும். இக்கட்டுரை சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பிழையின் மூலத்தை அறியும் வழிகளை விளக்குகிறது.

இடம் கணிக்கப்படும் விதம்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் புவியைச் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு கைபேசி தொலைவைக் கணிக்கிறது. நேரத்தில் ஒரு மைக்ரோநொடி பிழைத்தால் தொலைவில் 300 மீட்டர் பிழைக்கும். செயற்கைக்கோளின் பாதை விவரம் நொடிக்கு 50 பிட் என்ற மிகக் குறைந்த வேகத்தில்தான் வருகிறது. ஆகவே கைபேசிகள் அதனை இணையம் வழியே முன்கூட்டியே பெற்றுக்கொள்கின்றன. இணைய இணைப்பை அணைத்துவைத்தவருக்கு முதல் இடக்கணிப்பு தாமதமாவது இதனால்தான். வானம் தெரியாத இடங்களில் அருகிலுள்ள கைபேசிக் கோபுரங்களும் வை-ஃபை நிலையங்களும் கணிப்புக்குப் பயன்படுகின்றன. இவை தரும் விடை தோராயமானது.

தெருவின் அமைப்பால் வரும் பிழை

திறந்த வெளியில் கைபேசியின் பிழை பொதுவாக 5 மீட்டர் அளவில் இருக்கும். மாம்பலம் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவில் இந்நிலை இல்லை. இருபுறமும் உயர்ந்த கடைகள் நிற்க, நடுவே வானம் ஒரு பட்டையாகவே தெரிகிறது. சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து, நேர்வழியைவிட நீண்ட வழியில் வந்துசேர்வதால், நிற்பவர் பக்கத்துத் தெருவில் இருப்பதாகக் கணிக்கப்படுகிறார். இது பல்வழிப் பிழை எனப்படும். இதே பகுதியில் 2023-இல் திறக்கப்பட்ட ஆகாய நடைமேடையில் வேறொரு சிக்கல் உண்டு: மேலே நடப்பவருக்கும் கீழே சாலையில் நிற்பவருக்கும் நிலநேர்க்கோடும் நிலநிரைக்கோடும் ஒன்றே. நந்தனம், தேனாம்பேட்டை போன்ற சுரங்க மெட்ரோ நிலையங்களில் செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டுவதே இல்லை.

இதனைச் சோதிப்பது எளிது. மயிலாப்பூரின் நெருக்கமான சந்து ஒன்றில் பிழை தோன்றினால், கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் கரைக்குச் சென்று மீண்டும் பார்க்கலாம். பரந்த வானத்தின் கீழ் ஒரு நிமிடத்தில் புள்ளி சரியான இடத்துக்கு வந்துவிட்டால் குற்றம் தெருவினுடையது. அங்கும் தவறாகவே நின்றால் கைபேசியின் அமைப்புகளைத்தான் ஐயுற வேண்டும்.

அமைப்புகளால் வரும் பிழை

நடைமுறையில் ஜி.பி.எஸ். மீது சுமத்தப்படும் பழிகளில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. ஐ.ஓ.எஸ். 14 (2020), ஆண்ட்ராய்டு 12 (2021) ஆகியவை முதல், துல்லியமான இடத்தைத் தராமல் தோராய இடத்தை மட்டும் செயலிக்குத் தரப் பயனர் தேர்வு செய்யலாம். ஆண்ட்ராய்டில் இது ஏறக்குறைய 3 சதுர கி.மீ. பரப்புக்குள் ஓரிடத்தைத் தரும். மயிலாப்பூரில் இருப்பவர் மந்தைவெளியில் இருப்பதாகக் காட்டப்பட இது போதும்.

புள்ளி நகராமல் உறைந்து நிற்பதற்குப் பெரும்பாலும் மின்கலச் சேமிப்பே காரணம். ஆண்ட்ராய்டு 8 (2017) முதல், பின்னணியில் இயங்கும் செயலிக்கு ஒரு மணிநேரத்தில் சிலமுறை மட்டுமே புதிய இருப்பிடம் கிடைக்கும். அடையாற்றிலிருந்து தியாகராய நகர் வரை ஒருவர் சென்றுசேர்வதற்குள் இரண்டு மூன்று புள்ளிகளே பதிவாகியிருக்கக்கூடும். தொடர்ந்து தடமறிய வேண்டிய செயலி, அறிவிப்பு ஒன்றைக் காட்டியவாறு முன்னணிச் சேவையாக இயங்க வேண்டும்.

செயலி எழுதுவோர் ஒவ்வோர் இருப்பிடத்துடனும் வரும் இரு மதிப்புகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: துல்லிய ஆரம், கணிக்கப்பட்ட நேரம். நிலப்படத்தில் நீலப்புள்ளியைச் சூழ்ந்து தெரியும் வட்டம் இந்த ஆரமே. ஆண்ட்ராய்டில் உண்மையான இடம் அவ்வட்டத்துக்குள் இருக்க 68 விழுக்காடு வாய்ப்பு என்பதே அதன் பொருள், உறுதி அன்று. நேரத்தைப் பாராமல் கடைசியாக அறிந்த இடத்தை எடுத்தாள்வது, நேற்றைய இடத்தை இன்றையதாகக் காட்டிவிடும். அரிதாக நிகழும் இன்னொரு தவறு வேடிக்கையானது. மயிலாப்பூரின் 13.03, 80.27 என்ற எண்கள் இடம் மாறினால் புள்ளி ஆர்க்டிக் பெருங்கடலில் போய் விழும்.

பிழைபோல் தோன்றுபவையும் உண்டு. மெரினாவில் நிற்பவரின் உயரம் கழித்தல் 90 மீட்டர் அளவில் காட்டப்படலாம். இது கணித நீளுருண்டையிலிருந்து அளந்த உயரம். சென்னையில் கடல்மட்டம் அந்நீளுருண்டைக்கு அவ்வளவு கீழே அமைந்துள்ளது.

பேருந்துத் தடமறிதல்

மாநகரப் பேருந்துகளின் நகர்வைக் காட்டும் சென்னை பஸ் செயலி 2022-இலும், பேருந்து, மெட்ரோ, புறநகர்த் தொடர்வண்டிகளை இணைக்கும் சென்னை ஒன் செயலி 2025-இலும் அறிமுகமாயின. இத்தகைய செயலிகளில் இரண்டு இருப்பிடங்கள் உள்ளன. பயணியின் இடத்தை அவரது கைபேசி கணிக்கிறது. பேருந்தின் இடத்தை அதில் பொருத்திய கருவி கணித்து, கைபேசி வலையமைப்பு வழியே வழங்கிக்கு அனுப்ப, அங்கிருந்து அது பயணியை அடைகிறது. பயணியின் புள்ளி சரியாக நிற்க, பேருந்து மட்டும் நகராதிருந்தால், தடை இந்த இரண்டாம் சங்கிலியில் எங்கோ உள்ளது. நிறுத்தத்தில் காத்திருப்பவர் தம் கைபேசியை அணைத்துப் போடுவதால் அது தீராது.