தீச்சுவரைக் கடக்கும் சொற்பொழிவு: காணொளிக் கூட்டங்களில் பட்டை அகலப் பங்கீடு

ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பால் சூயிங்கம் செய்யப் பயன்பட்டது. மலாயாக் காடுகளில் வளர்ந்த வேறொரு மரத்தின் பாலாகிய கட்டாபெர்ச்சாவோ கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. அத்தகைய கம்பியொன்று 1871ஆம் ஆண்டளவில் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்தது. ஒரே கம்பியில் பலருடைய செய்திகளும் செல்ல வேண்டியிருந்தமையால், எது முன்னே செல்வது, எது காத்திருப்பது என்னும் முறை தேவைப்பட்டது. அவசரத் தந்திக்குத் தனிக் கட்டணமும் முன்னுரிமையும் பிறந்தது அதனாலேயே. காணொளிக் கூட்டம் நடத்தும் அலுவலகங்கள் இன்று எதிர்கொள்வதும் ஏறத்தாழ அதே சிக்கல்தான்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், அலுவலகக் கூட்டங்களும் பள்ளிப் பாடங்களும் இலக்கியச் சொற்பொழிவுகளும் இயங்கலைக்கு இடம்பெயர்ந்தன. பேச்சு முறிந்தபோதெல்லாம் “இணையம் போதவில்லை” என்றே நாம் சொல்லப் பழகினோம். பல வேளைகளில் அது பிழையான முடிவு. இணையம் போதியதாக இருக்கும், பங்கீடுதான் தவறியிருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஜெலுத்தோங்கில் கடைவீட்டு மாடியொன்றில் இயங்கும் அலுவலகத்தின் இணைப்பு, உள்வரவுக்கு வினாடிக்கு 50 மெகாபிட்டும் வெளிச்செலவுக்கு 10 மெகாபிட்டும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாடியில் கடத்தக்கூடிய இந்த அளவையே பட்டை அகலம் என்கிறோம். ஓரளவு தெளிவான படத்தை அனுப்ப ஒருவருக்கு ஏறத்தாழ 1.2 மெகாபிட் வேண்டும். பன்னிருவர் தத்தம் மேசையிலிருந்தே படக்கருவியைத் திறந்தால் வெளிச்செலவு 14.4 மெகாபிட் ஆகிவிடும். இணைப்பு திணறுகிறது; ஆனால் வேகத்தைச் சோதிப்பவர் உள்வரவு எண்ணை மட்டும் பார்த்து, குறையில்லை என்று சொல்லிவிடுகிறார். அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருக்கும் இருவரின் படமும் பெரும்பாலும் வெளியிலுள்ள வழங்கிக்குச் சென்றே திரும்புகிறது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அந்தப் பன்னிருவரும் ஓர் அறையில் கூடி ஒரே படக்கருவியின் முன் அமர்ந்தால் 1.2 மெகாபிட் போதும். செலவில்லாத இத்தீர்வை நாம் பரிந்துரைக்கும்போது பலர் ஏமாற்றமடைகின்றனர். புதிய கருவி வாங்கச் சொல்வோம் என்று எதிர்பார்க்கிறார்கள் போலும்.

இனித் தீச்சுவர். அலுவலக வலைப்பின்னலுக்கும் வெளியுலகுக்கும் இடையே நின்று, எந்தப் பொதி செல்லலாம், எது செல்லலாகாது என்று தீர்ப்பளிக்கும் காவலே அது. ஒவ்வொரு பொதியும் ஒரு வாயில் எண்ணைக் கொண்டே கடக்கிறது. 1996இல் வெளிவந்த எச்.323 என்னும் காணொளிக் கூட்டத் தரம், உரையாடலின் நடுவே புதுப்புது வாயில்களைத் திறக்கக் கோரியது. தீச்சுவர்கள் அவற்றை மறுத்தன. அழைப்பு இணையும், படமும் ஒலியும் வாரா. இன்றைய செயலிகள் வாயில்களைக் குறைத்துக்கொண்டன. டீம்ஸ் செயலி யுடிபி முறையில் 3478 முதல் 3481 வரையுள்ள வாயில்களையும், ஸூம் 8801 முதல் 8810 வரையுள்ளவற்றையும் நாடுகின்றன. அவையும் மூடியிருந்தால், சாதாரண இணையப் பக்கங்கள் செல்லும் டிசிபி 443 வழியே நுழைந்துகொள்கின்றன.

நுழைந்துவிட்டதே என்று மகிழ்வதற்கில்லை. டிசிபி முறையில் ஒரு பொதி தொலைந்தால் அது மீண்டும் வந்து சேரும்வரை பின்வந்தவையெல்லாம் காத்திருக்கும். கோப்பு ஒன்றை அனுப்ப இது மிக நன்று. பேச்சுக்கோ கேடு. ஓர் அசை கேட்கவில்லை என்பதற்காக வகுப்பு முழுவதையும் நிறுத்தும் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். யுடிபி அவ்வாறு நிற்பதில்லை; தொலைந்ததை விட்டுவிட்டு மேலே செல்கிறது.

விட்டுவிட்டால் என்ன போகும்? ஒலி பெரும்பாலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாகப் பொதியப்படுகிறது. நம் இலக்கணம் மாத்திரையைக் கண்ணிமைக்கும் அளவாகக் கொள்கிறது. கண்ணிமைப்பு ஏறத்தாழ 100 மில்லிவினாடியேனும் நீடிக்குமாதலால், ஒரு மாத்திரைக்குள் ஐந்து பொதிகளாவது அடங்கும். ஒரு பொதி தொலைந்தால் செயலி அக்கம்பக்க ஒலியைக் கொண்டு இட்டு நிரப்பிவிடும். தொடர்ந்து ஐந்தாறு தொலைந்தாலோ ‘பால்’ என்றது ‘பல்’ என்று ஒலிக்கக்கூடும். குறில் நெடிலால் பொருள் மாறும் மொழியைக் கற்கும் சிறுவனுக்கு இது சிறு இழப்பன்று. படம் மங்கினால் பாடம் கெடாது. ஒலி முறிந்தால் கெடும். ஆகவே பங்கீட்டில் ஒலிக்கே முதலிடம் என்பது எம் துணிபு.

அதைச் செயற்படுத்தும் வழி பொதிகளில் குறியிடுவது. ஒலிக்கு 46, படத்துக்கு 34 என்னும் குறியெண்கள் வழக்கில் உள்ளன. ஜெலுத்தோங்கைக் கடந்து செல்லும் துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில் நெரிசல் வேளையிலும் ஆம்புலன்சுக்கு வழிவிடுகிறோம் அல்லவா, அதுபோல. ஆனால் பொது இணையத்தில் இக்குறிகளுக்கு மதிப்பில்லை. நம் அலுவலக வாயிலில் மட்டுமே ஒழுங்கை நிலைநாட்ட முடியும். அதற்காகத் திசைவியின் வெளிச்செலவு வேகத்தை இணைப்பின் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். 10 மெகாபிட் இருக்க, 9.5 என்று அமைப்பது வீண் போலத் தோன்றும். ஆனால் அப்போதுதான் வரிசை நம் திசைவியில் உருவாகிறது. யாரை முன்னே விடுவது என்பதும் நம் கையில் இருக்கிறது. குறைக்காவிட்டால் வரிசை நிறுவனத்தாரின் பெட்டியில் நீளும். அங்கே ஒலியும் ஒன்றே, கோப்பும் ஒன்றே.

கேட்போர் பக்கத்தையும் மறக்கலாகாது. கைப்பேசித் தரவை நம்பி வீட்டிலிருந்து கேட்கும் மாணவருக்கு 1.2 மெகாபிட் படம் ஒரு மணி நேரத்தில் 540 மெகாபைட்டை விழுங்கும். 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் முறையில், வினாடிக்கு 24 கிலோபிட் அளவிலேயே நல்ல பேச்சொலி கிடைக்கிறது. பொதிகளின் முகவரிச் சுமையையும் சேர்த்தால் ஏறத்தாழ 40 கிலோபிட். ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்கு 18 மெகாபைட்தான். எனவே நிகழ்ச்சி அறிவிப்பிலேயே படத்தை நிறுத்தி ஒலியை மட்டும் கேட்கும் வழியைச் சொல்லிவிடலாம். திரையில் காட்டும் பக்கங்களை முதல் நாளே அனுப்பியும் வைக்கலாம்.