ஆட்டோ கிடையாது, நடந்து வாங்க!

1967-ல் நிக்கான் கொண்டுவந்த 24 எம்.எம். வைட் ஆங்கிள் லென்ஸ் இன்றைய மிரர்லெஸ் காமிராவிலும் உட்காரும். நடுவே ஒரு அடாப்டர் வளையம் போதும். ஜூம், ஆட்டோஃபோகஸ் எதுவும் கிடையாது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலே படமெடு' என்று அனுமதி தராவிட்டால் சில காமிராக்கள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்!

ஃபோகஸ் பெரிய வித்தையில்லை. ஃபுல் ஃப்ரேமில் எஃப் 8, தூர வளையத்தில் இரண்டரை மீட்டர். சுமார் ஒண்ணேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே பளிச். அப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம். (கடற்கரையில் லென்ஸைக் கழற்றவும் வேண்டாம். மணல் உள்ளே போனால் பர்ஸ் காலி!)

சிரமம் வேறு இடத்தில். எலியட்ஸ் பீச்சை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்தில், ஞாயிற்றுக்கிழமை டெலிஜூம்காரர்கள் தூர நின்றே மீனவர் முகத்தைச் சுட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். என் லென்ஸில் அங்கிருந்து எடுத்தால் மனுஷர் தீக்குச்சி சைஸ்! கிட்டே போகணும். போனால் கேட்கணும்.

"எடுக்கலாமா ஐயா?"

வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் தலையாட்டினார். எடுத்ததைக் காட்டினேன்.

"இன்னா தம்பி, தல பூசணிக்காயாட்டம் கீது?"

வைட் ஆங்கிள் குணம் அது. ஓரத்தில் இருப்பவரை இழுத்துவிடும். அவரை நடுவில் வைத்து இன்னொன்று எடுத்தேன். வலை, படகு, கடல் எல்லாம் கூடவே வந்தன.

"இத்த பிரிண்ட் போட்டு எட்த்தா. இதுவரிக்கும் எட்த்தவன் ஒர்த்தனும் குடுக்கல."

ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை கிடைக்கும்.