கட்டாத கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் கேமரா

"பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்" என்பார்கள். அலுவலகக் கோபுரம் கட்டுபவர்களின் நிலைமை பெரும்பாலும் இதுதான். நிறைய மாடிகளை எடுக்கும் பெரிய வாடகைதாரர் ஒருவர் ஒப்பந்தம் போட்டால் கடன் கிடைப்பது சுலபம். கடன் வந்தால்தான் கட்டடம் எழும். ஆனால் இல்லாத கட்டடத்தில் எதைப் பார்த்து அவர் கையெழுத்துப் போடுவார்? அதற்குத்தான் ஆர்க்கிடெக்சரல் அனிமேஷன்.

நியூயார்க்கின் 2 வேர்ல்ட் டிரேட் சென்டர் நல்ல உதாரணம். 2015 ஜூனில் பியார்க்கே இங்கெல்ஸின் நிறுவனம் அதற்குப் புது வடிவம் கொடுத்தது: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஏழு பெட்டிகள். அந்தப் பெட்டிகள் அடுக்கப்படுவதைக் காட்டும் அனிமேஷன் படமும் வந்தது. நியூஸ் கார்ப், 21ஸ்ட் செஞ்சுரி ஃபாக்ஸ் இரண்டும் அங்கே குடிபோகப் பூர்வாங்கமாக ஒப்புக்கொண்டிருந்தன. 2016 ஜனவரியில் விலகிக்கொண்டன. அந்த வடிவம் படத்தோடு நின்றுபோனது.

சரி, இந்தப் படங்கள் எப்படி உருவாகின்றன? கட்டடக் கலைஞரின் வரைபடத்திலிருந்து முப்பரிமாண மாடல் செய்கிறார்கள். கண்ணாடி, மரம், கான்கிரீட் என்று மேற்பரப்புகளுக்குக் குணம் கொடுக்கிறார்கள். விளக்கும் சூரியனும் வைக்கிறார்கள். பிறகு கேமரா போகும் பாதையை வரைகிறார்கள். முதலில் நிறமில்லாத சாம்பல் மாடலில் ஓட்டிப் பார்த்து, பாதை சரியென்றான பிறகே முழு ரெண்டரிங். காரணம், கணக்கு அப்படி. 90 விநாடிப் படம், விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 2,250 ஃபிரேம்கள். ஒரு ஃபிரேமுக்கு 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரே கணினியில் 375 மணி நேரம், அதாவது பதினைந்தரை நாள்! அதனால்தான் பல கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள், அல்லது அன்ரியல் என்ஜின் மாதிரி விளையாட்டு மென்பொருளுக்குப் போகிறார்கள்.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம். மாடலில் ஒரு அளவைக்கூட மாற்றாமல் இடத்தைப் பெரிதாகக் காட்டிவிட முடியும். பிளெண்டரில் 4 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளத்தில் ஒரு அறை செய்து பார்த்தேன். பின்சுவரை ஒட்டிக் கேமராவை வைத்து 50 மி.மீ. லென்ஸ் போட்டால், எதிர்ச்சுவரில் 3.6 மீட்டர் அகலம்தான் தெரிகிறது. சுவரே திரையை நிரப்பிவிடுகிறது. 18 மி.மீ. போட்டதும் பார்வை 40 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு விரிகிறது, அதே சுவர் திரையில் 40 சதவீதமாகச் சுருங்குகிறது. 50 மி.மீ. லென்ஸில் அந்தச் சுவர் அவ்வளவு சிறியதாகத் தெரிய, அது கிட்டத்தட்ட 14 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அறை அதே 5 மீட்டர்தான்.

அடுத்தது, சுவருக்கு வெளியே நிற்கும் கேமரா. குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பதையெல்லாம் காட்டாதே என்று மென்பொருளுக்குச் சொல்லிவிடலாம். பின்சுவர் மறைந்துவிடும். மனிதர் எவரும் நிற்க முடியாத இடத்திலிருந்து அறையைப் பார்ப்போம்.

மூன்றாவது வேகம். 40 மீட்டர் நடைபாதையை விநாடிக்கு 4 மீட்டரில் கேமரா 10 விநாடியில் தாண்டும். விநாடிக்கு 1.4 மீட்டர் நடக்கும் ஊழியருக்கு ஏறக்குறைய 29 விநாடி. லிஃப்டிலிருந்து மேசை பக்கத்திலேயே இருப்பதுபோல் தோன்றும்.

நான்காவது சூரியன். ஊர், தேதி, நேரம் கொடுத்தால் சூரியனைச் சரியான இடத்தில் வைக்கும் வசதி மென்பொருளில் உண்டு. கையால் நகர்த்தும் வசதியும் உண்டு. நியூயார்க்கில் வடக்கு பார்த்த சுவரில் மதிய வெயில் விழாது. படத்தில் விழவைக்க ஒரு இழுப்பு போதும்.

இதையெல்லாம் ஏமாற்று என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. சின்ன அறையைக் காட்ட அகல லென்ஸ் வேண்டித்தான் இருக்கிறது. ஆனால் பார்ப்பவருக்கு எது மாடலின் அளவு, எது கேமராவின் தேர்வு என்று தெரிய வேண்டும், இல்லையா? குறிப்பாக வாடகைக்கு வருபவருக்கு. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 12-இல், விளம்பரத்தில் வந்த பொய்த் தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது. ஆனால் அதே சட்டம், ஒதுக்கீடு பெற்றவர் என்பதற்குத் தரும் வரையறையில், வாடகைக்கு வருபவரைச் சேர்க்கவில்லை. வீடு வாங்குபவரை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. படம் பார்த்து அலுவலகம் எடுப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள ஒப்பந்தத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஆகவே படம் போட்டுக் காட்டும்போது நான்கு கேள்வி கேளுங்கள். லென்ஸ் எத்தனை மி.மீ.? கேமரா அறைக்குள்தான் நிற்கிறதா, எந்த உயரத்தில்? சூரியன் எந்தத் தேதி, எத்தனை மணி? எதிரே இருக்கும் கட்டடம் மாடலில் இருக்கிறதா? பதில் எல்லாம் அவர்கள் கோப்பிலேயே இருக்கும். இன்னும் ஒன்று. அதே மாடலில், 1.6 மீட்டர் கண் உயரத்தில், 35 மி.மீ. லென்ஸில், நடக்கும் வேகத்தில், இசை இல்லாமல் ஒரு தரம் ஓட்டச் சொல்லுங்கள். அதிலும் இடம் பிடித்திருந்தால், பிடித்த அளவுகளை ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.