மிதவை வானூர்திப் பறப்பு உறுதிப்பாடு

மிதவை வானூர்திப் பறப்பு உறுதிப்பாடு என்பது, கிளைடர் என வழங்கும் இயந்திரமற்ற வானூர்தியில் பறந்த ஒருவர் தகுதிச் சின்னம் கோரும்போது, அப்பறப்பு அவர் கூறியவாறே நிகழ்ந்தது எனச் சான்றுகளால் நிறுவும் முறையாகும். இதற்கான விதிகள் பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பு வெளியிடும் விளையாட்டு விதித்தொகுப்பின் மூன்றாம் பிரிவில் உள்ளன. சான்றளிக்கும் பொறுப்பு அதிகாரப்பூர்வ நோக்கர் எனப்படுபவரைச் சாரும். அந்தந்த நாட்டின் வான்விளையாட்டு அமைப்பு இவரை நியமிக்கிறது. தாம் விமானியாகவோ பயணியாகவோ இருந்த பறப்புக்கு எவரும் தாமே நோக்கராக இருத்தல் இயலாது.

சிறிய கழகங்களில் இவ்விதி இடர் தருவதுண்டு. நல்ல வெப்ப மேலோட்டம் உள்ள நாள் சொல்லிவைத்து வருவதில்லை. அத்தகைய நாளில் களத்தில் நோக்கர் எவரும் இல்லாமற் போகலாம். அவ்வாறாயின் அன்றைய பறப்பு வீண்தானா என்பதே பலரும் எழுப்பும் வினா. நோக்கரின் கையொப்பம் இல்லாமல் சின்னம் கிடையாது. ஆனால் பறப்பின் முழு நேரமும் அவர் களத்தில் நின்றிருக்க வேண்டும் என்பதில்லை.

சின்னங்கள்

வெள்ளிச் சின்னத்திற்கு 50 கிலோமீட்டர் தொலைவு, 1000 மீட்டர் உயர ஏற்றம், 5 மணிநேரப் பறப்பு ஆகிய மூன்றும் தேவை. பொற்சின்னத்திற்கு 300 கிலோமீட்டர், 3000 மீட்டர், 5 மணிநேரம். இவற்றுக்கு மேல் மூன்று வைரங்கள் உள்ளன: முன்கூட்டி அறிவித்த இலக்குடன் 300 கிலோமீட்டர், தொலைவுக்கு 500 கிலோமீட்டர், உயர ஏற்றத்திற்கு 5000 மீட்டர். செருமனியின் வோல்ஃப் இர்த், ஆசுத்திரியரான இராபர்ட் குரோன்ஃபெல்ட் ஆகியோர் 1931 ஆம் ஆண்டில் வெள்ளிச் சின்னத்தை முதலில் பெற்றவர்களாவர்.

பழைய சான்றுகள்

செயற்கைக்கோள் வழிகாட்டல் வருமுன் காற்றழுத்த வரைவி (பாரோகிராஃப்) முதன்மைக் கருவியாக இருந்தது. சுழலும் உருளையின் மீது புகைக்கரி படிந்த அலுமினியத் தாள் சுற்றப்பட்டிருக்கும். காற்றழுத்தம் மாற மாற ஒரு முள் அதில் கோடு கீறும். நோக்கர் கருவிக்கு முத்திரையிட்டு அனுப்புவார். இழுவையிலிருந்து விடுபட்ட இடம் கோட்டில் ஒரு சிறு பள்ளமாகத் தெரியும். ஏற்றம் தாழ்ந்த புள்ளியிலிருந்து அதற்குப் பின் எட்டிய உயர்ந்த புள்ளி வரை அளக்கப்படுவதால், அக்கோட்டைக் கொண்டே உயரக் கோரிக்கையைத் தீர்க்க முடிந்தது. திரும்பு புள்ளிகளை அடைந்ததற்கு ஒளிப்படமே சான்று. படச்சுருளைத் துண்டிக்காமல் ஒரே நீளமாக ஒப்படைக்க வேண்டும்; துண்டித்தால் படங்களின் வரிசை ஐயத்துக்குரியதாகிவிடும்.

வெளிக்களத்தில் இறங்கியவர்களுக்கு வேறொரு ஏற்பாடு இருந்தது. நோக்கர் இல்லாத இடத்தில் இறங்கினால், தொடர்பற்ற இருவர் இறங்கிய இடத்தையும் நேரத்தையும் குறித்துத் தம் முகவரியுடன் கையொப்பமிட்டால் போதும். ஏதோ ஒரு வயலின் உரிமையாளரும் அவருடைய அண்டை வீட்டாரும் கையொப்பமிட்ட தாளுடன் ஊர் திரும்பிய விமானிகள் பலர்.

பறப்புப் பதிவுக்கருவி

1990களின் நடுப்பகுதியிலிருந்து ஜிபிஎஸ் பறப்புப் பதிவுக்கருவிகள் இவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. கூட்டமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டு மிதவைப் பறப்பு ஆணையம் (ஐஜிசி) இவற்றைச் சோதித்து ஏற்பு வழங்குகிறது. இக்கருவி உருவாக்கும் ஐஜிசி கோப்பு வெறும் எழுத்துக் கோப்பேயாகும்; எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு வரியிலும் நேரம், அகலாங்கு, நெட்டாங்கு, அழுத்த உயரம், ஜிபிஎஸ் உயரம் ஆகியவை இடம்பெறும். இறுதியில் ஜி பதிவு எனப்படும் எண்ணிமக் கையொப்பம் இருக்கும். கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் சரிபார்ப்பு மென்பொருள் அதை ஏற்க மறுத்துவிடும். கருவியின் உறையைத் திறந்தால் உள்ளிருக்கும் நுண்விசை கமுக்கத் திறவியை அழித்துவிடும். அதன்பின் உருவாகும் கோப்புகள் செல்லுபடியாகா.

துணை இயந்திரம் பொருத்திய கிளைடர்களில் இரைச்சல் அளவும் பதிவாகிறது. இயந்திரம் எப்போது ஓடியது என்பதை அதிலிருந்து அறியலாம்.

கோப்பு கூறாதவை

இத்தனை பாதுகாப்பு இருந்தும் நோக்கர் ஏன் தேவை என்பதற்கு விடை அதே கோப்பில் உள்ளது. விமானியின் பெயர், கிளைடரின் வகை, பதிவெண் ஆகியவை கோப்பின் தலைப்பகுதியில் உள்ளன. அவற்றை உள்ளிட்டவர் பெரும்பாலும் விமானியே. கையொப்பம் உறுதிசெய்வது கோப்பு மாற்றப்படவில்லை என்பதை மட்டுமே. முதலில் எழுதப்பட்டது உண்மை என்பதையன்று. உள்ளங்கையளவுப் பெட்டியை எவர் வேண்டுமானாலும் வேறொரு கிளைடரில் எடுத்துச் செல்லலாம். இருவர் அமரும் கிளைடராயின், பின்னிருக்கையில் பயிற்றுநர் இருந்தாரா என்பதையும் கோப்பு சொல்லாது. பெட்டி எங்கே சென்றது என்பதற்குக் கருவி சான்று. பெட்டியுடன் சென்றவர் யார் என்பதற்கு மனிதரே சான்று.

நோக்கர் களத்தில் இல்லாதபோது

எனவே நோக்கர் பின்னர் உறுதிசெய்ய வேண்டியவை சிலவே: எந்த விமானி, எந்தக் கிளைடர், எந்தக் கருவி, எங்கே எப்போது ஏறி இறங்கினார் என்பவை. இவற்றுக்கு விமானியைச் சாராத எழுத்துச் சான்று தேவை. கழகத்தின் ஏவுகைப் பேரேடு இதற்கு மிகவும் பயன்படும். களத்தில் நேரம் குறித்தவரின் கையெழுத்தில் உள்ள ஏறிய, இறங்கிய நேரங்கள் கோப்பின் நேரங்களோடு பொருந்தினால் ஐயம் பெரிதும் நீங்கும். கோப்பு உலகப் பொது நேரத்தில் எழுதப்படுவதை மறந்து முரண்பாடு என எண்ணுவோரும் உண்டு. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பதிவுகள், இழுவை விமானத்தை ஓட்டியவரின் கூற்று ஆகியனவும் உதவும். முன்னேற்பாடாக நோக்கரே முந்தைய நாளில் கருவியைக் கிளைடரில் பொருத்தி முத்திரையிட்டு வைப்பதும் உண்டு. கருவியையும் கிளைடரையும் பிணைக்கும் சான்று அப்போது கையிலேயே இருக்கும்.

கோப்பைக் கருவியிலிருந்து எடுப்பது நோக்கரின் பணி. அவர் மறுநாள் வந்தாலும் பறப்பு கருவியின் நினைவகத்தில் இருக்கும். அதுவரை அதனை அழிக்காமல் வைத்திருப்பது விமானியின் கடமை.

ஏற்புப் பெறாத எளிய ஜிபிஎஸ் கருவிகளை இடப் பதிவுக்கருவிகள் என்பர். நாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்திருந்தால் வெள்ளி, பொற் சின்னங்களுக்கு இவை செல்லும், வைரங்களுக்குச் செல்லா. பாதுகாப்பு குறைந்த இக்கருவிகளில் நோக்கரின் மேற்பார்வைக்கு எடை கூடுதல்.

சில கோரிக்கைகளை எச்சான்றாலும் காப்பாற்ற இயலாது. 50 கிலோமீட்டர் பறப்பில் புறப்பட்ட உயரத்துக்கும் முடிவுற்ற உயரத்துக்கும் இடையிலான இழப்பு தொலைவின் நூற்றில் ஒரு பங்கை, அதாவது 500 மீட்டரைத் தாண்டக் கூடாது. மிக உயரத்தில் இழுவையை விட்டவர் நேர்மையாகவே பறந்திருந்தாலும் சின்னத்தை இழக்கிறார்.

இணையவழிப் போட்டிகளில் விமானிகள் தம் ஐஜிசி கோப்பைத் தாமே பதிவேற்றுகின்றனர். அங்கு நோக்கர் கேட்கப்படுவதில்லை. அதே கோப்பு நோக்கரின் கையொப்பமின்றித் தகுதிச் சின்னத்திற்கு ஏற்கப்படுவதில்லை.