மீனுக்கும் டி.என்.ஏ டெஸ்ட்: தப்பு மெஷின்ல இல்ல, கத்தியில!

காசிமேட்டில் முழு மீன் வாங்குபவர்களுக்குப் பெரிய பிரச்னை இல்லை. தலை, வால், உடம்பில் இருக்கும் கோடு, புள்ளி இதையெல்லாம் பார்த்தே 'இது வஞ்சிரம், அது சீலா' என்று அங்கே கூடை வைத்திருக்கும் அக்கா ஒரே செகண்டில் சொல்லிவிடுவார். தோலை உரித்து, முள்ளை எடுத்து, வெள்ளையாகத் துண்டு போட்ட பிறகுதான் சிக்கலே. ஹோட்டலில் மசாலா பூசி வரும் ஃபிஷ் ஃபிங்கர் என்ன மீன்? பொரிக்கிற மாஸ்டருக்கே தெரியாம இருக்கலாம்!

இந்த இடத்தில்தான் டி.என்.ஏ உதவிக்கு வருது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் குழு, 2003-ல் ஒரு யோசனையை முன்வைத்தது. சூப்பர் மார்க்கெட் பொருளுக்கு பார்கோடு இருக்கிற மாதிரி, ஒவ்வொரு உயிரினத்துக்கும் 'சி.ஓ.ஐ' என்ற மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படித்தால் போதும், பெரும்பாலும் அது என்ன இனம் என்று சொல்லிவிடலாம். 2008-ல் நியூயார்க்கைச் சேர்ந்த இரண்டு டீன்ஏஜ் பெண்கள், கடைகளிலும் சுஷி ஹோட்டல்களிலும் மீன் வாங்கி, சின்னச் சின்னத் துண்டுகளாக ஆல்கஹாலில் போட்டு, அதே குவெல்ஃபுக்கு அனுப்பினார்கள். படிக்க முடிந்த துண்டுகளில் சுமார் கால் பங்கு, வேறு மீனின் பெயரில் விற்கப்பட்டவை.

நாம் ஏமாறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். இதே டெஸ்ட் ஒருத்தரை ஜெயிலுக்கும் அனுப்பலாம். திமிங்கலச் சுறா, வேளா, ஒரு வகை உழுவை என்று சில மீன்களை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் இந்தப் பட்டியலை இன்னும் நீட்டியது. முதல் அட்டவணை என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆனால், சாதாரண சுறா பிடிப்பது குற்றமில்லை. ஒரு மூட்டையில் பிடிபடுவது காய்ந்த துடுப்பும் கறித்துண்டும் மட்டும்தான் என்றால், அது எந்தச் சுறா என்பதை டி.என்.ஏ-தான் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி நிறுவனத்தின் 'லக்கோன்ஸ்' ஆய்வகம் இந்த மாதிரி வனவிலங்கு வழக்குகளுக்கென்றே டி.என்.ஏ பரிசோதனை செய்கிறது. மூட்டை தூக்கின கூலி ஆளோட வாழ்க்கை, ஒரு அரிசி அளவு சதைத் துண்டில் தொங்குது.

அந்தத் துண்டை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு. சீக்வென்சிங் மெஷின் பாவம், உள்ளே போனதைத்தான் படிக்கும்.

'சுத்தமான' தப்பு

மீன் வெட்டும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே கத்தி, ஒரே கட்டை. சங்கரா, வஞ்சிரம், சுறா எல்லாம் அதே கட்டையில்தான். ஐஸ் பெட்டியில் உருகிய தண்ணீரில் பத்து மீனின் ரத்தமும் செதிலும் கலந்து கிடக்கும். அந்தக் கத்தியாலேயே சாம்பிள் எடுத்தால், துண்டுக்குள் இரண்டு மீனின் டி.என்.ஏ போய்விடும். இரண்டும் சம அளவில் இருந்தால் தப்பிச்சோம். ரிசல்ட்டில் ஒரே இடத்தில் இரண்டு எழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், கலப்படம் என்று லேபில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பயமே வேற. காய்ந்த துடுப்பில் டி.என்.ஏ ஏற்கெனவே நொறுங்கிப் போயிருக்கும். கத்தியில் ஒட்டியிருப்பதோ காலையில் வெட்டிய ஃப்ரெஷ் மீனுடையது. படிப்பதற்கு முன்னால் பி.சி.ஆர் முறையில் டி.என்.ஏ-வை நகலெடுப்பார்கள், கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழக்கமான அதே பி.சி.ஆர். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. ஒழுங்காக நடந்தால் 30 சுற்றில் ஒன்று 107 கோடி ஆகும். இந்த ரேஸில் நொறுங்கியது தோற்கும், ஃப்ரெஷ்ஷானது ஜெயிக்கும். கடைசியில் துளி குழப்பமில்லாத, பளிச்சென்ற ரிசல்ட் வரும். ஆனால், அது வேற மீன்!

"கத்தியை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டோமே?" என்றால், அது போதாது. ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ-வை அழிக்காது. அதற்கு பிளீச் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சாம்பிளுக்கும் புது பிளேடு. துண்டையும் வெட்டுப்பட்ட மேல்பரப்பிலிருந்து எடுக்காமல், மேல்பகுதியைச் சீவிவிட்டு உள் சதையிலிருந்து எடுப்பார்கள்.

ஃபார்மலின் என்னும் வில்லன்

2018-ல் கேரளாவில் கிளம்பி, சென்னை மார்க்கெட்டுகள் வரை வியாபாரத்தைக் கலங்கடித்த ஃபார்மலின் பஞ்சாயத்து ஞாபகம் இருக்கா? நம் உடம்புக்கு மட்டுமல்ல, டி.என்.ஏ-வுக்கும் அது ஆகாது. டி.என்.ஏ-வைப் புரதத்தோடு சேர்த்துத் தைத்துவிடும், இழையை உடைக்கும். அதைவிட மோசம், 'சி' என்ற எழுத்து ரசாயன மாற்றம் அடைந்து 'டி' என்று படிக்கப்படும். நாள் கூடக்கூட சேதமும் கூடும். இப்படிக் கெட்டுப்போன எழுத்துகளை வெட்டி எறிய யு.டி.ஜி என்று ஒரு என்சைம் இருக்கிறது. ஆனால், உடைந்த இழையை அது ஒட்டவைக்காது.

அதனால் சாம்பிளைப் போட வேண்டியது 95 சதவிகித எத்தனால் ஆல்கஹாலில். சதையில் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்து, டி.என்.ஏ-வைத் தின்னும் என்சைம்களை முடக்கிவிடும். பெரிய துண்டாகப் போட்டால் உள்ளே ஆல்கஹால் இறங்குவதற்குள் நடுப்பகுதி அழுகிடும். துண்டு சின்னதா, ஆல்கஹால் தாராளமா இருக்கணும்.

இன்னொரு விஷயம், கேட்டால் சிரிப்பீர்கள். லேபிளை பென்சிலில்தான் எழுத வேண்டும்! பால்பாயின்ட் மை, ஆல்கஹால் பட்டால் கரைந்து ஓடிவிடும். எத்தனை பெரிய மெஷின் இருந்தாலும், பெயர் அழிந்த டியூபை வைத்து என்ன செய்ய?

லேபுக்குள் போன பிறகும் காவல் உண்டு. ஒவ்வொரு முறையும் மீனே போடாத ஒரு வெறும் டியூபையும் கூடவே ஓட்டுவார்கள். அதில் டி.என்.ஏ தெரிந்தால் எங்கோ கலந்துவிட்டது, அந்த பேட்ச் மொத்தமும் குப்பைக்கு. எழுத்துகளைப் படிக்கும்போதும் அவ்வப்போது பிழை வரும் என்பதால், டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளையும் தனித்தனியாகப் படித்து ஒப்பிடுவார்கள். சந்தேகம் என்றால் அதே மீனிலிருந்து இரண்டாவது துண்டு எடுத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

டின்னில் அடைத்த மீனுக்கு மட்டும் கணக்கு வேறு. அதிக சூட்டில் வேகவைப்பதால் 650 எழுத்து நீள இழை முழுசாகக் கிடைப்பதே கஷ்டம். அதற்கு 100, 200 எழுத்துகளை மட்டும் படிக்கும் 'மினி பார்கோடு' வந்திருக்கிறது. நெருங்கிய சொந்தக்கார மீன்களுக்குள் சில சமயம் அதனால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆக, டின் சூரையா, மசாலா ஃபிஷ் ஃபிங்கரா என்றில்லை, டெஸ்ட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் சமைக்காத துண்டாகக் கொடுப்பதுதான் நல்லது.